இழுத்தால் நிற்கும்

1

இந்தக் கதை என்னிடம் பேருந்தில் வந்து சேர்ந்தது. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள் சொன்னாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், அவர்கள் ஊர்க் களத்தில் சோளம் அடித்தபோது நடந்தது. பிறகு நானே அந்த ஊருக்குப் போய்ச் சம்பந்தப்பட்டவர்களையும் பார்த்தேன். திரும்பி வந்து இப்படி எழுதத் தொடங்கினேன்:

கரிசல் வெடித்துக் கிடந்த அந்த மாலையில், விதி ஓர் இரும்புத் தண்டின் வடிவில்...

விட்டுவிட்டேன். அது விதி இல்லை. டிராக்டரையும் கதிரடிக்கும் மெஷினையும் இணைத்துக்கொண்டு சுழலும் தண்டு. அதன்மேல் ஒரு தகர மூடி இருந்திருக்க வேண்டும். அடிக்கடி நெளிந்து உரசுகிறது என்று டிராக்டர்காரன் தங்கப்பாண்டியன் அதைக் கழற்றிப் போட்டிருந்தான்.

2

மெஷினுக்குக் கதிர் அள்ளிப் போடும் பெண்களில் அவன் மனைவி செண்பகவல்லியும் இருந்தாள், இசக்கியம்மாளும் இருந்தாள். அன்று எஞ்சினை ஓடவிட்டுவிட்டு அவன் டீ குடிக்கப் போனான்.

(அவனைக் குற்றவாளியாக்க இந்த ஒரு வாக்கியம் போதும். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: பேட்டரி செத்துக் கிடந்தது. அணைத்தால் மறுபடி கிளப்ப ஆள் சேர்த்துத் தள்ள வேண்டும்.)

3

அந்தப் பக்கம் கிடந்த சாக்கை எடுக்கச் செண்பகவல்லி தண்டைத் தாண்டினாள். முந்தானையைத் தண்டு சுற்றிக்கொண்டது. நைலான் சேலை, கிழியவில்லை. ஆளை இழுத்தது.

அவள் போட்ட அலறலில் களமே...

(இல்லை. அவள் அலறவில்லை என்பதில் இசக்கியம்மாள் உறுதியாக இருந்தாள்.)

மெஷின் சட்டத்தில் காலை உதைத்து ஊன்றிக்கொண்டு, கொசுவத்தைத் தானே உருவிவிட்டாள். சேலை மொத்தமும் தண்டோடு போயிற்று. பாவாடை ஜாக்கெட்டோடு சோளத்தட்டையில் போய் விழுந்தாள். முழங்கை உரிந்திருந்தது. உயிர் இருந்தது.

பெண்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அங்கே ஒருத்திக்கும் தெரியாது.

4

ஓடிவந்து எஞ்சினை அணைத்த தங்கப்பாண்டியன், மனைவியைப் பார்த்து முதலில் சொன்னது இது:

"ஊரே பாத்துட்டுதே."

இந்த இடத்தை நான் பலமுறை அடித்து எழுதினேன். அவனை அழவைத்தேன். அவள் கையைப் பிடிக்கவைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நேரில் கேட்டபோது அவன் மறுக்கவுமில்லை.

"அப்பிடித்தான் சொன்னேன். வாயில அதான் வந்துது. கையி வெடவெடன்னு ஆடிக்கிட்டு இருந்துது."

இரண்டையும் எழுதிவிட்டேன், வாயையும் கையையும். எது அவன் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.



5

மறுநாள் காலையில் சேலைக்குமேல் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு களத்துக்கு வந்தாள். கதிரைத் தொடவில்லை.

"மூடியப் போடுங்க. நீங்க இல்லாத நேரம் இத நிறுத்துதது எப்பிடின்னு எங்களுக்குக் காட்டுங்க. பொறவு கதிரு போடுதோம்."

மற்றவர்களும் கூடையைக் கீழே வைத்தார்கள். தங்கப்பாண்டியன் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் மூடியைத் தட்டி நிமிர்த்தி முடுக்கினான். வேறொரு பேட்டரியை இரவல் வாங்கி வந்து மாட்டினான். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த குமிழைக் காட்டினான். இழுத்தால் நிற்கும். அவ்வளவுதான்.

செண்பகவல்லி ஏறி இழுத்தாள். நின்றது. மறுபடி கிளப்பினான். அடுத்தவள் இழுத்தாள். இப்படியே ஒவ்வொருத்தியும். இசக்கியம்மாள் இறங்கி வந்து அவனிடமே கேட்டாளாம்:

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி? இது தெரியாமலா நேத்து நாங்க மரமா நின்னோம்?"

அன்று சோளம் அடிக்க ஆரம்பிக்கையில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

6

முடிவு என்று இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். இன்னொன்றில் கடைசிவரை கேட்கவில்லை. எது நடந்தது என்று செண்பகவல்லியிடமே கேட்டேன்.

"அத எதுக்குக் கேக்கீங்க? எழுதுததுக்கா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அதனால் அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். எதை வேண்டுமானாலும் சொல்லவையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஓடும்போது சொன்னால் அவளுக்குக் கேட்காது.