கரையாத மாத்திரை

ஒரு டம்ளர் வெந்நீரை வைத்து முன்னூறு பேரை மண்டபத்தை விட்டே விரட்டியவன் நான். நம்பாவிட்டால் போங்கள்.

மாத்திரை கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் எனக்கு ஒரே வேலை: உடம்புச் சூட்டுத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது. அரை மணியில் கரையாவிட்டால் மொத்தச் சரக்கும் குப்பைக்கு. நான் முறைத்த முறைப்பில் பயந்தே கரைந்த மாத்திரைகள் லட்சம் இருக்கும்.

என் மனைவியின் செல்லத் தம்பி, முதுமையை விரட்டும் கால்சியம் மாத்திரை விற்கிறான். டாக்டர் கொடுத்ததை நிறுத்தச் சொல்லி, எட்டு மாதம் அக்காவுக்கு அதையே ஊட்டினான். குளியலறையில் லேசாகத்தான் வழுக்கினாள், வலது மணிக்கட்டு ஒடிந்தது.

"நீ வேளாவேளைக்குப் போட்டிருக்க மாட்டேக்கா," என்றான். இவளும் தலையாட்டினாள். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

"அவன் மாத்திரை கரையவே மாட்டேங்குது. டம்ளர்ல போட்டுப் பாத்துட்டேன்."

"என் தம்பின்னாலே உங்களுக்கு ஆகாது. தண்ணில என்னத்தக் கலந்தீங்களோ!"

கட்டுப்போட்ட கையோடு, புது டப்பா வாங்க, அவனுடைய விற்பனைக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். ஃபிளாஸ்க்கோடு நானும் போனேன்.

முன்வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் வெந்நீரை ஊற்றி, அவன் கையாலேயே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன்.

"என்ன மாமா, காபியா?" என்று மைக்கில் சிரித்தான்.

"நீ பேசுப்பா," என்றேன், தேனாக.

ஒன்றரை மணி நேரம் பேசினான். ஆற ஆற நான் வெந்நீர் ஊற்றினேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அந்த வரிசை. பிறகு பின்னாலிருந்தவர்கள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்கள். "உள்ளே போனதும் ரத்தத்தில் கலந்துவிடும்" என்று அவன் முழங்கியபோது, மேடையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"தம்பி, இது கரையறதுக்கு நாங்க இன்னும் எத்தனை வருஷம் உயிரோட இருக்கணும்?" என்றார் ஒரு வழுக்கைத் தலையர்.

சிரிப்பில் கூரை அரை அடி எழும்பி உட்கார்ந்தது. வாங்கின டப்பாக்களை அவன் மேஜையில் வீசிவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். மச்சினன் முகம் சுருங்கச் சுருங்க, எனக்குப் பத்து வயது குறைந்தது.

"மாமா ஏதோ வித்தை காட்டிட்டாருக்கா. நீயாவது சொல்லு!"

அவள் இடது கையை டம்ளருக்குள் விட்டு மாத்திரையை எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். மேலே பொறித்த எழுத்துகூட அழியவில்லை.

"நான் கண்ணெடுக்காமப் பாத்துட்டுத்தான்டா இருந்தேன்," என்றாள். "கரையல."