கடிகாரத்தின் மேல் ஒரு தொப்பி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் பாதி உயர்ந்த ஒரு கை.

ஆற்றுக்குப் பயந்து ஓடிவந்த ஊர்க்காரர்களோடு நானும் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து, செல்போனில் சட்டசபையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபாநாயகர், "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணியின் கை மேசையிலிருந்து கிளம்பியது. தோள் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கரண்டோடு டவரும் போய், படம் அப்படியே உறைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் செல்போனும் செத்துவிட்டது.

அந்தக் கை மேலே போனதா, கீழே இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுதுகிறேன். கூடைப்பந்து ஆட்டத்துக்குப் புள்ளி போடும் தாள்களின் பின்பக்கம்தான் காகிதம்.

2

முதல் தொடக்கம்: "பேரிடர்க் காலங்களில் மாநில ஆளுநருக்கு உள்ள அதிகாரங்களுக்கு எல்லை உண்டா என்கிற கேள்வி, மக்களாட்சி தோன்றிய நாள் முதலாகவே—"

வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் ஏற்கெனவே ஒருவர் குறட்டை விடுகிறார்.

இரண்டாவது: "வெளியே மழை, வெர்னா ஸ்டாக்ஸின் கண்களிலும்—"

சீச்சீ.

மூன்றாவது: "வெர்னா ஸ்டாக்ஸ் தானே மாட்டிய கதவில் தானே விரலை நசுக்கிக்கொண்டாள்."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

வெர்னா எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர். அதற்கு முன்னால் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தாள். அவளுடைய தம்பி ஓர்வல், ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே சோயா பயிரிடுகிறவன். போன வெள்ளத்தில் அப்போதைய கவர்னர் பேரிடர் ஆணை போட்டு ஓர்வலின் நிலத்தை எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் என்றார்கள். வெள்ளம் வடிந்தது, சேறு காய்ந்தது, ஆணை மட்டும் வடியவில்லை. மாதம் முடிய முடிய கவர்னர் தன் கையெழுத்தாலேயே அதை நீட்டிக்கொண்டே போனார். நிலத்தைச் சுற்றி முள்வேலி போட்டு அரசாங்கத்து இயந்திரங்களை நிறுத்திவைத்தார்கள். ஓர்வல் தினமும் காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தன் மண்ணைப் பார்த்துவிட்டுப் போவான்.

[நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்று. நான் இருக்கிற இந்த நாட்டில் கவர்னர் என்பவர் ஓட்டு வாங்கி ஜெயித்து நிஜமாகவே ஆள்கிறவர். விழாவில் ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிறவர் இல்லை.]

அதைப் பார்த்துத்தான் வெர்னா கிளம்பினாள். தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், சட்டம் கொண்டுவந்தாள். கவர்னரின் பேரிடர் ஆணை ஒரு மாதத்தோடு காலாவதி. நீட்டிக்க வேண்டுமானால் உறுப்பினர்கள் நேரில் வந்து உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டும். போனில் ஓட்டு, திரையில் ஓட்டு, எதுவும் செல்லாது. கடைசி நாள் மாலை ஐந்து மணி என்பது எந்தக் கடிகாரத்தின் ஐந்து மணி என்று கவர்னரின் வக்கீல்கள் வம்பு பண்ணுவார்கள் என்று தெரிந்து, அதற்கும் ஒரு வரி சேர்த்தாள். சபையின் சுவரில் தொங்கும் கடிகாரமே கணக்கு.

அந்த ஒரு வரியில்தான் அவள் விரல் மாட்டியது.

3

இந்த வெள்ளம் போனதைவிடப் பெரிது. இப்போதைய கவர்னர் ஹோலிஸ் கெட்டவர் இல்லை. (முதல் பிரதியில் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். எழுதச் சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.) அவரும் ஆணை போட்டு ஓர்வலின் நிலத்தில்தான் மண் தடுப்பு எழுப்பினார். வேறு இடம் கிடையாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஊர். ஈர மண் சரிந்துகொண்டே இருக்கும், லாரிகள் கல்லும் களிமண்ணும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லாரி நின்றால் தடுப்பு நிற்காது.

இன்று மாலை ஐந்தோடு ஆணை காலாவதி. நீட்டிப்பதில் யாருக்கும் பெரிய மறுப்பில்லை. உறுப்பினர்கள்தான் போதவில்லை. பாலம் முழுகிப்போனதால் ஆற்றுக்கு அப்பாலுள்ள உறுப்பினர்களை ஏற்றிவந்த பஸ் மலைப்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு முன்னால் வந்து சேராது.

வெர்னா நடைவழி ஜன்னலோரம் நின்று போனை எடுத்தாள்.

"அக்கா, மணி நாலரை ஆச்சு."

"எனக்கும் கண்ணு இருக்குடா."

"அஞ்சு மணிக்கு அவனுங்க என் நிலத்தை விட்டு இறங்கணும். உன் சட்டம்தான், நான் சொல்லல."

"ஓர்வல், அந்தப் பக்கம் ஊரே இருக்குடா."

"போன தடவையும்தான் ஊரு இருந்துச்சு. ஒரு மாசம்னு வந்தவனுங்க, அப்பா செத்தப்ப பொட்டியைக்கூட அந்த வழியா எடுத்துட்டுப் போக விடல. மறந்துட்டியா?"

"மறந்திருந்தா நான் எதுக்கு இந்தக் கட்டடத்துல கெடக்குறேன்? பஸ் வந்துக்கிட்டிருக்கு. வந்ததும் முறையா ஓட்டுப் போட்டு நீட்டிச்சுடுவோம். ஒரு மணி நேரம் பொறுத்துக்கடா."

"பொறுத்துப் பொறுத்துதான் அப்ப வருஷக்கணக்கா போச்சு. நான் வேலிக் கதவுகிட்டதான் நிக்கிறேன். துப்பாக்கி கிப்பாக்கியெல்லாம் ஒண்ணும் எடுத்துட்டு வரல. உன் சட்டத்தோட நகலை மட்டும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன்."

"தொப்பலா நனைஞ்சுருப்பியே. உள்ள போடா."

"அதுக்கும் ஒரு சட்டம் போடு."

போனை வைத்துவிட்டான்.

* நிஜத்தில் அவன் அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், இங்கே எல்லாரும் அப்படித்தான். என் காதுக்கு அது ஒட்டவில்லை. இந்தப் பேச்சும் நான் கேட்டதல்ல. ஆனால் அவன் வேலிக் கதவருகே மழையில் நிற்பதை, இந்தக் கூடத்துக்குப் படகில் வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

* ஓர்வலை முதலில் மஞ்சள் பல்லும் கஞ்சப் புத்தியுமாக எழுதியிருந்தேன். அடுத்த கட்டிலில் இருக்கும் பெர்லீனுக்கு, பள்ளி பஸ் ஓட்டுகிறவள், அதை அவள் பாஷையில் சொல்லிக் காட்டினேன். "ஓர்வலா? அவன் பல்லுக்கு என்ன குறை? என் வீட்டுக் கூரை காத்துல பறந்தப்ப ஏணியைத் தூக்கிட்டு ஓடிவந்தவனே அவன்தான். கண்டதையும் எழுதாத தம்பி" என்று ஒரு போடு போட்டாள். பல்லை வெள்ளையாக்கிவிட்டேன்.

4

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. காலக்கெடு நெருங்கி வேலை முடியாவிட்டால், சபாநாயகர் "கடிகாரம் களைத்துவிட்டது" என்பார். வாயில்காப்பாளர் ஸ்டூலைப் போட்டு ஏறித் தன் தொப்பியைக் கடிகாரத்தின் மேல் மாட்டுவார். தொப்பி இருக்கும் வரைக்கும் சபையில் நேரம் நகராது. எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஒருவரும் ஆட்சேபிக்கக் கூடாது. ஒரு கை உயர்ந்தாலும் தொப்பி இறங்கிவிட வேண்டும்.

இத்தனை நாளும் அது பட்ஜெட் நேரத்து வேடிக்கை. வெர்னாவின் வரி வந்த பிறகு அப்படி இல்லை. சபைக் கடிகாரம்தான் கணக்கென்றால், தொப்பி மாட்டினால் ஐந்து மணியே அடிக்காது, ஆணையும் சாகாது. சட்டம் எழுதிய அன்று தொப்பியின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. மற்ற உறுப்பினர்களும் ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சுவரில் இருக்கும் வண்ணப்பூச்சு போல, கண்ணில் படாது.

கவர்னர் ஹோலிஸ் ரப்பர் பூட்ஸோடு அவள் மேசைக்கே வந்தார். தரையெல்லாம் சேறு.

"வெர்னா மேடம், உங்க சட்டத்தை நான் மீற மாட்டேன். அஞ்சு அடிச்சா என் ஆளுங்களை அந்த நிலத்தை விட்டு இறக்கிடுவேன். அதனாலதான் வந்து கேக்குறேன். நீங்க பேசாம இருந்தா போதும்."

"பேசாம இருக்கத்தான் எல்லாரும் எல்லா காலத்துலயும் கேக்குறீங்க."

"இது வேற."

"போன கவர்னரும் இதையேதான் சொன்னாரு. இதே சபையில நின்னு."

ஹோலிஸ் தன் பூட்ஸைப் பார்த்தார். வாயில்காப்பாளர் கிளெமன்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயதானவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தொப்பி ஒரு தரம் நழுவி, மறு தரம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் சபாநாயகர்.

வெர்னா தொப்பியைப் பார்த்தாள். இன்று ஒரு நல்ல மனுஷனுக்காகத் தொப்பி தொங்கினால், நாளைக்கு வருகிற எவனுக்காகவும் தொங்கும். அவள் கட்டியது அத்தனையும் ஒரு தொப்பிக்கு அடியில் போய்விடும். தம்பியிடம் என்னவென்று சொல்வாள்? ஆட்சேபித்தால், பஸ் வரும் வரைக்கும் அந்த ஒரு மணி நேரம் தடுப்பு தாங்குமா? தாங்கும் என்று எஞ்சினியர் சொல்லவில்லை. தாங்காது என்றும் சொல்லவில்லை. ஊரில் அவள் தீவனம் விற்ற வீடுகள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும்.

கை மேசையிலிருந்து கிளம்பியது.

5

இங்கேதான் என் பேனா மக்கர் பண்ணுகிறது.

முடிவு அ: கையை இறக்கிக்கொள்கிறாள். பஸ் வருகிறது, ஓட்டு விழுகிறது, தொப்பி கிளெமன்டின் தலைக்குத் திரும்புகிறது, ஓர்வல் அக்காவைக் கட்டிக்கொண்டு— இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு ஆ: கையை உயர்த்திவிடுகிறாள். கவர்னரின் ஆட்கள் நிலத்தை விட்டு இறங்கிப் போகிறார்கள். ஓர்வல் மனம் மாறித் தன் டிராக்டரிலேயே மண்ணை அள்ளி— அவன் மழையில் நின்று கேட்டது ஒரு நியாயம். என் வசதிக்காக அவனை மனம் மாற்றினால் அவனை இரண்டாம் தரமும் வேலிக்கு வெளியே நிறுத்தியது போல ஆகும்.

முடிவு இ: ஹெலிகாப்டர். உறுப்பினர்கள் கயிற்றில் இறங்குகிறார்கள். பெர்லீன் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க உறுப்பினர்களை நீ பாத்ததில்லியா? கயிறு அறுந்துடும்!"

மழையை நான்தான் கூட்டினேன், பாலத்தை நான்தான் முழுக வைத்தேன், இப்போது ஹெலிகாப்டர் வரைக்கும் வந்துவிட்டேன். அவசரம் என்ற பெயரில் எழுதுகிறவன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிற அதிகாரத்துக்கு எல்லை போட யார் சட்டம் எழுதியிருக்கிறார்கள்? நானே என் ஆணையை நீட்டிக்கொண்டு போகிறேனே, அந்தப் பழைய கவர்னருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் இருக்கிறது. எத்தனை தரம் எழுதினாலும் முடிவு அ-வில்தான் என் கை தானாகப் போய் நிற்கிறது. காரணம் எனக்குத் தெரியும். "ஊர்" "ஊர்" என்று எழுதிக்கொண்டே வந்தேனே, அது நான் உட்கார்ந்திருக்கிற ஊர். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பது இந்தக் கூடம்தான். நோயாளிகளைப் படகில் கொண்டுபோய்விட்டார்கள், மற்றவர்கள் இங்கேயே இருக்கிறோம். அந்தக் கை உயரக் கூடாது என்று என் உடம்பு முழுக்க வேண்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்து கிடக்கிறவன் வெர்னாவுக்காக எப்படி நியாயமாக முடிவெடுப்பான்?

"உனக்கு அவ மேல கோபமே வரலியா?" என்று பெர்லீனைக் கேட்டேன்.

"வராம? அவ சட்டம் போடுவா, நான் முழுகணுமான்னு காலையிலேருந்து திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப அடுத்த தேர்தல்ல?"

"அவளுக்குத்தான் போடுவேன். ஓர்வல் அந்த வேலிகிட்ட நின்னதை தினமும் பஸ்லேருந்து பாத்தவ நான்." பிறகு, "இன்னிக்கு மட்டும் அவ கையை இறக்கிடணும் தம்பி" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

6

ஆகவே உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் நனையாத இடத்தில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு இங்கே நிலம் இல்லை, தம்பி இல்லை, கட்டில் இல்லை. கதையின் மீது எனக்கிருந்த அதிகாரம் இந்த இடத்தோடு காலாவதி. நீட்டித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. தொப்பி கடிகாரத்தின் மேல் இருக்கிறது. வெர்னாவின் கை தோளருகே இருக்கிறது. சபாநாயகர் இப்போது உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறார். ஆட்சேபம் இருந்தால் அவள் கையை உயர்த்திவிடுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், அந்தச் சபையின் வழக்கம் அது.

எங்களுக்கு இங்கே நேரம் தெரியவில்லை. கூடத்துச் சுவர்க் கடிகாரம் கரண்டோடு நின்றுவிட்டது, ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். ஐந்து ஆகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. தடுப்புப் பக்கம் லாரிகள் உறுமுகிற வரைக்கும் ஆணை உயிரோடு இருக்கிறது, கை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன்.

"தம்பி, லாரி சத்தம் கேக்குதா உனக்கு?"

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு."

"இப்ப?"

பேனாவை நிறுத்தினேன். கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டீசல் ஊத்துறானுங்களா இருக்கும்" என்றாள் பெர்லீன். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்துக் காலில் மாட்ட ஆரம்பித்தாள்.