பன்னிரண்டு நிமிடமும் இரண்டு நாளும்

பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைக்குப் பன்னிரண்டு நிமிட நடை. தோலில் உணர்ச்சியற்ற தேமலோ, ஆறாத புண்ணோ, யானைக்கால் வீக்கமோ உள்ளவர்களுக்கு மட்டும் அது இரண்டு நாள். வழி என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். செருப்புக்கடை, சைக்கிள் கடை, பாத்திரக்கடை, அடுத்து பள்ளிக்கூடத்துச் சுவர், சுவர் முடிந்தால் மருத்துவமனை வாசல். பாத்திரக்கடைக்கும் பள்ளிச் சுவருக்கும் நடுவே மற்றவர்களுக்கு ஒரு எட்டு இடைவெளி. நோயுள்ளவர்களுக்கு அங்கே ஒரு பொட்டல் விரியும். திங்கட்கிழமை காலை தன் கடையைத் தாண்டிக் கால் வைத்த ஆள், புதன்கிழமை காலைதான் பள்ளிச் சுவரோரம் முழங்கால் வரை புழுதியோடு முளைப்பதைப் பாத்திரக்கடைக்காரர் வாரம் தவறாமல் பார்த்தார். நகராட்சிக்காரர்கள் வந்து நாடா பிடித்து இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டு தடவையும் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர்தான். அளந்தவர்களின் தோல் நன்றாக இருந்தது, வேறெப்படி வரும்? அத்தோடு கோப்பை மூடிவிட்டார்கள்.

மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு எழுதுபவரை ஊரே சீட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய வீட்டு அம்மாள், "இவங்க பக்கத்துல எங்களை எப்படி உட்கார வைக்கிறீங்க?" என்று போட்ட சத்தத்தில் மிரண்டுபோய், அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தோல் நோய்க்காரர்களின் சீட்டில் மேல் மூலையை லேசாக மடித்துவிடுவார். மடித்த சீட்டெல்லாம் அடுக்கின் அடிக்குப் போகும். மற்ற எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு டாக்டர் அவர்களைக் கூப்பிடுவார், நேரமாகிவிட்டால் நாளைக்கு. இப்படிச் செய்யென்று யாரும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை. 'தொட்டால் ஒட்டாது, மருந்து இலவசம்' என்ற சுவரொட்டியைப் பசை தடவிச் சுவரில் ஒட்டியவரும் இதே மனிதர்தான். வளாகத்தைக் கூட்டும் அம்மாள் ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "தம்பி, நீங்க இங்க ஒரு மூலை மடிக்கிறீங்க, அங்க பொட்டல்ல ஒரு அடி கூடுது. பாத்துக்கங்க" என்றாள். "உங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று அவர் சிரித்தார். அவளுக்கு வேலை நிறைய இருந்தது, கூட்டப் போய்விட்டாள்.

சீட்டுக்காரருக்கு ஓர் அக்கா. பேருந்து நிலையத்தின் பின்சந்தில் இஸ்திரி போடுகிறவள். தாய் தகப்பன் போன பிறகு அந்தப் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்தே தம்பியைப் படிக்க வைத்தாள். நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய மகள் கல்யாணத்தில், அக்காவின் முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று தெரிந்தது. கூட்டத்தில் யாரோ கொண்டுபோன கொதிக்கும் காப்பி டம்ளர் சரியாக அந்த இடத்தில் உரசியது. அவள் கையை இழுக்கவில்லை. அப்படி ஆயிரம் கைகளைப் பார்த்தவருக்கு இது தொழுநோய் என்று தெரிய ஒரு நொடி போதாதா? தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். "சூடுதான்க்கா, தானா போயிடும். முழுக்கை போட்டுக்க. போட்டோவுக்குக் கொஞ்சம் பின்னால நில்லு" என்றார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தம்பி சொன்னால் தப்பாகவா இருக்கும்? அக்கா முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு தம்பி பின்சந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மனுஷன் செய்கிற காரியமா இது!

ஒரு புதன்கிழமை காலை வரிசையில் அக்கா நின்றாள். தலைமுடியெல்லாம் புழுதி. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருந்தன, மணிக்கட்டில் அவளுக்கே தெரியாமல் பெட்டி சுட்ட தழும்புகள். ஜன்னலருகே அவள் வந்தபோது பின்னால் பதினாறு பேர் நின்றார்கள், பக்கத்து நாற்காலியில் மருந்தாளுநர் இருந்தார். சீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், "பேரு?" என்றார். அவள் ஒரு விநாடி பார்த்தாள். பிறகு யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல் தன் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார். எழுதி முடித்ததும் விரல் பழக்கதோஷத்தில் மூலையை மடித்துவிட்டது. அதையும் அவள் பார்த்தாள்.

அவளைக் கூப்பிடும்போது மணி ஒன்று. சாத்தாத கதவு வழியே டாக்டர் பேசியது ஜன்னல் வரை கேட்டது. "நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்த ரெண்டு விரலும் மடங்கியிருக்காதேம்மா. யாரும் சொல்லலையா?"

"எனக்குச் சொல்ல ஆளு இல்லைங்க" என்றாள் அக்கா.

சீட்டுக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மிச்ச மூன்று விரல்களைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் மாத்திரை ஒரு மாதம்கூடத் தவறக்கூடாது, மாதாமாதம் வந்து கையைக் காட்ட வேண்டும், பன்னிரண்டு மாதம் என்று டாக்டர் விளக்கினார். முதல் வேளை மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு, அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. வராதவர்கள் பட்டியலை நர்ஸ் சீட்டுக்காரரிடம்தான் கொடுத்தாள். அதில் அக்காவின் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தார். மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பின்சந்துக்கு நடந்தார். சரியாகப் பன்னிரண்டு நிமிடம். நான்கு வருடமாகப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் இருந்திருக்கிறாள்.

அக்கா இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "போக ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு. இந்தத் துணியெல்லாம் யாரு தேய்ப்பா, நீயா?" என்றாள்.

"மாத்திரையை நான் கொண்டாந்துடுறேன்க்கா. கையை மட்டும் டாக்டர் பாக்கணும். வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீயா?" என்றாள் மறுபடியும். ஆனாலும் பெட்டியை இறக்கி வைத்தாள்.

அவர் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். மடங்கிய விரல்கள் அவர் கையில் கொக்கியாக மாட்டிக்கொண்டன. பாத்திரக்கடையைத் தாண்டிக் கால் வைத்ததும் பள்ளிச் சுவரைக் காணோம், எதிரே வானம் தொடுகிற வரைக்கும் பொட்டல். நோயுள்ளவர் கையைப் பிடித்தால் யாருக்கும் அது திறக்கும் என்பது மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. அங்கே வேலை பார்த்த ஒருவரும் கை பிடித்ததில்லை. கையை விட்டால் ஒரே எட்டில் பள்ளிச் சுவர் வந்துவிடும். இரண்டு நாளும் அவருக்கு அது தெரிந்தே இருந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்போல. உட்கார்ந்து கண்ணயரும்போது துண்டால் இருவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

பொட்டல் காலியாக இல்லை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ஒருத்தி, ஆறாத புண்ணில் துணி சுற்றிய கொத்தனார், பாதியில் களைத்துத் திரும்புகிறவர்கள். எல்லாரும் சீட்டு வாங்கியவர்கள்தான், அவருக்கு ஒரு முகமும் நினைவில்லை. அவர்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்தது. கொத்தனார்தான் முதலில் எழுந்து நிழலில் இடம் விட்டார். "அடடா, சீட்டுக்கார அண்ணனா? உங்களுக்குமா வந்துடுச்சு? கவலைப்படாதீங்க, மருந்து இருக்கு. உட்காருங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தக் குரலில் குத்தல் ஒரு துளி இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சீட்டுக்காரர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கில்லை. இது எங்க அக்கா" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "எனக்கு நாலு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை" என்றார்.

அக்கா, "எனக்கும் தெரியும்டா. போட்டோவுக்குப் பின்னால நிக்கச் சொன்னியே, அப்பவே இது சாதாரணத் தேமல் இல்லேன்னு தெரியும். நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொள்ளச் சொன்னாள். அவர் தூக்கிக்கொண்டார்.

இரண்டு நாள் காணாமல் போய்ப் புழுதியோடு வந்து நின்ற சீட்டுக்காரரை டாக்டர் விசாரித்தார். கேட்டதை நம்பவில்லை. சந்தேகப் பிராணி, கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த புதன்கிழமையிலிருந்து, பாத்திரக்கடையைத் தாண்டிப் பத்தடியில், பொட்டலுக்குள்ளேயே மேசை போட்டார்கள். டாக்டர், நர்ஸ், மாத்திரைப் பெட்டி, சீட்டுக்காரர். ஆளுக்கொரு நோயாளி கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அங்கே இருக்க முடியும் என்பதால், சீட்டை அழுத்திப் பிடிக்க மறு கை இல்லாமல் சீட்டுக்காரர் ஒரு கையால் எழுதக் கற்றுக்கொண்டார். முத்து முத்தான கையெழுத்து கோணல்மாணலாகிவிட்டது. அடுத்த வருடம் நகராட்சி, தன் நாடாவில் அகப்படாத அந்த இடத்தில், ஆட்களை நோயாளிகளின் கை பிடித்துப் போகச் சொல்லி ஒரு தண்ணீர்க் குழாய் போட்டது.

மாத்திரையால் அக்காவின் மேனி கறுத்தது, பிறகு தெளிந்தது. மூன்று விரல்கள் தப்பின, இரண்டு நிமிரவில்லை. பன்னிரண்டாவது மாத மாத்திரை முடிந்த பிறகு அவள் தனியாக நடந்தபோது, பாத்திரக்கடைக்கு அடுத்து பள்ளிச் சுவர் நின்றது. "இவ்வளவுதானா?" என்று கேட்டு, அந்தச் சுவரை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

பொட்டல் இன்றுவரை சுருங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து உள்ளே போக இனி வழியில்லை என்பதால், சீட்டுக்காரர் புதன்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கே பாத்திரக்கடை வாசலில் வந்து நின்று, வருகிறவர்களிடம் "ஒரு கை குடுங்கம்மா, ஒரு கை குடுங்கய்யா" என்று கேட்கிறார். பழைய ஆட்கள் சிலர் அவரை அடையாளம் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களிடம் அவர் இரண்டாவது தடவை கேட்பதில்லை. அடுத்த ஆள் வரும் வரை நிற்பார்.