வாய் பிளந்த வளையங்கள்

அரசர் அனுப்பிய ஐந்தாவது ஜேட் பச்சைக்கல் வளையமும் எல்லை ஆற்றைக் கடக்கையில் ஓர் அரிசி அகலத்துக்கு வாய் பிளந்தது. அந்த வருஷம் தினை நன்றாக விளைந்திருந்தது. எங்கள் நாட்டில் அரசரின் கோபத்துக்கு ஆளானவர் எல்லைச் சாவடியில் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், கண்ணுகளே. முழு வளையம் வந்தால் வீடு திரும்பலாம். பிளவுபட்டது வந்தால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், நாட்டை விட்டே போக வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. புறப்படும்போது முழுசாக இருந்ததைத் தூதன் கண்டிருந்ததால், சாவடித் தலைவர் ஐந்தையும் கணக்கில் எடுக்காமல் தலைநகருக்கே திருப்பி அனுப்பினார். கெடு முடியப் பத்து நாள் இருந்தது.

எல்லையில் இருந்தவர் குய் ஷு. அரசரின் வேட்டைக் குதிரைகள் குடியானவர் வயலை மிதித்ததைச் சபையில் சொன்னவர். அவர் மனைவி ஜி லான், வளையம் செதுக்கும் தாவ் பெங்கின் பட்டறையில், திரும்பி வந்த ஐந்தையும் கொட்டினாள்.

“கல்லுல செஞ்சீங்களா அண்ணே, மாவுல பிசைஞ்சீங்களா?”

“நூலும் மணலும் வச்சு அறுத்தா தடம் இருக்கும் தாயி. இது உதடு மாதிரி வழவழன்னு இருக்கு. ராசா வாய்தான் மன்னிச்சிருக்கு, வயிறு இன்னும் எரியுது. கல்லுக்குத் தெரியாதா?”

“இதை ராசாகிட்ட யாரு சொல்றது?”

“சொல்ற ஆளுதான் எல்லையில உக்காந்திருக்காரே!”

ஆறாவது வளையத்தோடு தூதன் புறப்பட்டபோது ஜி லானும் கூடப் போனாள். வழியெல்லாம் அதைத் தன் இரண்டு கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள். நடு ஆற்றில் கொட்டை உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கையைத் திறந்தால் இரண்டு துண்டு.

சாவடித் தலைவர் மூங்கில் பட்டைகளில் எழுதிய விதிகளை மூன்று முறை புரட்டினார். முழுசுக்கு விதி இருந்தது, பிளவுக்கு இருந்தது, இரண்டு துண்டுக்கு இல்லை.

“தலைநகருக்கு எழுதிக் கேக்கணும்மா. அங்க கூடிப் பேசிப் பதில் வர ஒரு மாசம் ஆகும்.”

“நாளையோட கெடு முடியுது.”

“அதுக்கும் பட்டையில ஒண்ணும் இல்லியே.”

ஜி லானுக்கு அழுகை வரவில்லை; அதெல்லாம் மூன்றாவது வளையத்தோடு தீர்ந்திருந்தது. துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கணவரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. அப்போ நான் சொல்றேன். எந்திரிங்க.”

“லான், முறைன்னு ஒண்ணு...”

“மூணு வருஷமா அது பேசினது போதும். நடங்க.”

அவர் எழுந்தார். தடுக்க விதி தேடிய சாவடித் தலைவர், கிடைக்காததால் மரத்தடுப்பைத் தூக்கினார். அரசர் ஏழு நாள் கத்தினார். அவருக்கும் விதி கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் பட்டைகளில் ஒரு வரி கூடியது: இரண்டு துண்டாக வந்தால், வீட்டார் வந்து கூட்டிப்போகலாம்.