மகள் வீட்டு வாசல் பாத்தி

செடி வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அடிமுட்டாள்கள் என்பது நர்சரிக்காரரின் தீர்மானமான கருத்து. உள்ளே நுழைந்ததும் பூத்திருக்கும் தொட்டியை நோக்கித்தான் கால் போகும். "இது வருஷம் பூரா பூக்குமா?" என்பார்கள். "பூக்கும்" என்பார். நிழலில் வளர்கிற பெரணியை வாங்கிப்போய் மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டு, பத்தாம் நாள் கருகிய குச்சிகளோடு சண்டைக்கு வருவார்கள். அதே செடியில் இன்னொரு தொட்டியை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புவார்.

இந்த ஒன்பது பேரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத ஆள் சம்பந்திதான்.

மகள் வீடு கட்டி இரண்டு வருஷமாகிறது. வாசலில் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி மண்தரை விட்டிருந்தாள். அதில் என்ன வைக்கலாம் என்று தன்னைக் கேட்பாள் என்று அவர் காத்துக் கிடந்தார். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் தோட்டம் போட்டவர். பெற்ற மகள் கேட்காமல் போவாளா? போனாள். அந்த இடம் சம்பந்தி கைக்குப் போய்ச் சேர்ந்தது.

சம்பந்தி தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மருமகளான இவர் மகளையும் கூட்டிக்கொண்டு துணிப்பையோடு கிளம்பிவிடுவார். ஓடைக்கரை, ரயில் பாதை ஓரம் என்று அலைந்து, ஆடு மாடுகூடத் திரும்பிப் பார்க்காத புல்லும் பூண்டுமாகப் பையில் வந்து சேரும். நரிவெங்காயமாம், காட்டு மஞ்சளாம், ஊசிப்புல்லாம்.

"எல்லாம் இந்த மண்ணோட செடி சம்பந்தி. ஒரு தடவை வச்சா போதும், வருஷா வருஷம் தானே வரும்" என்றார் ஒருமுறை.

தானே வருவதை வைக்க ஒரு மனுஷன் எதற்கு என்று நர்சரிக்காரர் மனதுக்குள் கேட்டுக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. மகளைக் கொடுத்த இடம்.

கடும் கோடையில் ஒருநாள் அந்தப் பக்கம் போனவர் மகள் வீட்டு கேட்டைத் திறந்து பார்த்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தி தன் மூத்த மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம். பாத்தியைப் பார்த்ததும் நர்சரிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. புல் வைக்கோலாகிவிட்டது. சுவரோரப் பெரணி சுருண்டு பழுப்பாகிவிட்டது. மற்ற இடமெல்லாம் வெறும் மண். அதில் சம்பந்தியின் குண்டு குண்டு எழுத்தில் பெயர் எழுதிய தகரத் துண்டுகள் மட்டும் நின்றன. பெயர்ப்பலகைக்குத் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரர் என்று சம்பந்தியை மனதுக்குள் கேலி செய்துகொண்டார்.

மறுநாள் காலை, மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, வேனோடும் இரண்டு ஆட்களோடும் வந்து இறங்கினார். அவர்களில் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்த அம்மாள் பாதியில் நிமிர்ந்தாள்.

"ஐயா, கிழங்கு நல்லா கனமா இருக்குங்க. அழுகின மாதிரி தெரியல."

"செடியைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? வெட்டு."

வெட்டினாள். எல்லாம் சாக்கில் ஏறி நர்சரிக்குப் போனது. பாத்தியில் ரோஜா நிறக் கதிர் விட்ட அலங்காரப் புல், சுவரோரம் தொங்கு பெரணி, நடுவில் நீல சால்வியா என்று அத்தனையும் பூவும் பச்சையுமாக உட்கார்ந்தன. வேனை அனுப்பிவிட்டு, மகளின் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே வாசற்படியில் சாயங்காலம் வரை காத்திருந்தார். இனிமேல் அந்தத் தபால்காரர் இந்தப் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் பார்க்கலாம்.

மகள் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க இருந்ததெல்லாம் எங்கப்பா?"

"எல்லாம் செத்துக் கிடந்துச்சும்மா. அள்ளிட்டேன். உன் மாமனார்கிட்ட நான் பேசிக்கறேன், நீ கவலைப்படாத."

"எங்க போட்டீங்க?"

"நம்ம உரக்குழிலதான். மத்தியானமே மிஷின்ல அரைச்சாச்சு."

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். "அது சாகலப்பா. வெயில் முடியற வரைக்கும் மண்ணுக்குள்ள அடங்கிக் கிடக்கும். மழை விழுந்தா முளைச்சு வரும்."

"முப்பது வருஷமா செடியோட கிடக்கறவனுக்கா பாடம்?"

"அந்த முப்பது வருஷத்துல, இலை கொட்டின செடி ஒண்ணையாவது அடுத்த மழை வரைக்கும் வச்சிருந்து பார்த்திருக்கீங்களா?"

நர்சரிக்காரர் யோசித்துப் பார்த்தார். பச்சை வலைக்குக் கீழே தினம் இரண்டு வேளை தண்ணீர். இலை பழுத்த தொட்டி வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்று அன்றைக்கே உரக்குழிக்குப் போய்விடும். ஒரு செடி ஓய்ந்து மறுபடி எழுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. எனவே சம்பந்தி மேல் பாய்ந்தார்.

"கண்ட குப்பையையும் பொறுக்கிட்டு வந்து உன் வாசல்ல நட்டு வச்சிருக்கார் அந்த மனுஷன். ரசனைன்னு ஒண்ணு வேணாமா? பார்த்தாலே குமட்டுது."

"மாமா பையைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னார். ஒவ்வொண்ணும் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. அந்தப் பெரணி பாழுங்கிணத்துச் சுவத்துல இருந்துச்சு. நான்தான் பேர்த்தெடுத்தேன். இப்ப அந்தக் கிணத்தையே மூடிட்டாங்க."

நர்சரிக்காரர் வாசற்படியை விட்டு எழுந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா சிரிச்சிருப்பீங்க."

சிரித்திருப்பார்தான். அது அவருக்கே தெரிந்ததால் அவமானம் இன்னும் உறைத்தது.

"வேணும்னா இதையெல்லாம் நாளைக்கே எடுத்துடறேன்."

"இருக்கட்டும். அதுவும் உயிர்தானே." கைப்பையை எடுத்துக்கொண்டு படியேறியவள் கதவருகில் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. வெளியாளிடம் பேசும் மரியாதை இருந்தது. "அடுத்த தடவை வரும்போது போன் பண்ணிட்டு வாங்கப்பா."