துப்பறிவாளர் டிரென்ச்சின் மழைக்கோட்டு

நடிகர் ஆம்ப்ரோஸ் டிரென்ச் தமது மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒருவரைப் பார்த்தாரென்றால், அந்த ஆள் தான் செய்த தப்பை அங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவார். 1934-ல் லண்டனுக்கு மேற்கே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் அவர் முதன்முதலாகத் துப்பறிவாளர் வேஷம் கட்டியபோது இது தெரியவந்தது. கொலைகாரனாக நடித்தவர் எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, "கிறிஸ்துமஸுக்கு எங்க மாமியார் வச்சிருந்த பன்றித்தொடையைத் தின்னது நாய் இல்ல, நான்தான்" என்று விம்மினார். இத்தனை இயல்பாக அழ யாருக்கு வரும்? இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். படம் சக்கைப்போடு போட்டது. அதன்பின் வருஷத்துக்கு நான்கு படம். கொலையில் தொடங்கி இறைச்சித் திருட்டில் முடியும் கதைகளை எழுதியே கதாசிரியர்களுக்குத் தலை நரைத்தது. ஜனங்களோ கைதட்டினார்கள்.

உடை அறையில் வேலை பார்த்த மிஸ் பார்லோ மேல் டிரென்ச்சுக்கு உயிர். ஆனால் கோட்டோடு போய் நின்று ஒரு பெண்ணின் மனசில் இருப்பதைப் பிடுங்குவது கனவானுக்கு அழகல்ல என்று, அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடிதான் உள்ளே போவார்.

"மழை வரும்போல இருக்கு, மிஸ் பார்லோ."

"வந்தாலும் வரும், மிஸ்டர் டிரென்ச்."

இப்படியே பதினோரு வருஷம் ஓடிற்று. நடுவில் ஒரு யுத்தமே வந்துபோனது.

பிறகு மிஸ் பார்லோவுக்கு மான்செஸ்டர் நாடகக் கொட்டகையில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டியாயிற்று. டிரென்ச் வழக்கம்போல் கோட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். "அங்கே மழை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். மிஸ் பார்லோவுக்குப் பொறுமை போய்விட்டது. கோட்டைப் பிடுங்கி அவர் தோளிலேயே மாட்டினார்.

"பேசாம என்னைப் பாருங்க. என்னை வளர்த்த வளர்ப்புக்கு, இந்தக் கோட்டு இல்லாம வாயத் தொறக்க வராது." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாரா வாரம் உங்க கோட்டுப் பொத்தானைப் பிச்சது நான்தான். தைக்கக் கொடுக்க நீங்க வரணும்னுதான்."

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கோட்டோடுதான் வரவேண்டும் என்று மிஸ் பார்லோ அடம்பிடித்தார். "யாருக்காவது வயித்தெரிச்சல் இருந்தா அன்னைக்கே கொட்டட்டும்!"

இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாதிரியார் வழக்கப்படி கேட்டார். டிரென்ச் திரும்பிப் பார்த்தார். தேவாலயமே எழுந்து நின்றது. ரேஷன் சர்க்கரையை அமுக்கியது தான்தான் என்றார் பெண்ணின் அத்தை. தனக்கு இசைக்குறிப்பே படிக்க வராது என்றார் ஆர்கன் வாசிப்பவர். "என் பிரசங்கமெல்லாம் அடுத்த ஊர்ப் பாதிரியார்கிட்ட சுட்டது" என்று பாதிரியாரும் சேர்ந்துகொண்டார். அழுதார்கள், சிரித்தார்கள், விருந்துத் தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அத்தனையிலும் அந்தக் கல்யாணத்துக்கு எதிராக ஒரு சொல் இல்லை.

பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சரி, மோதிரத்தைப் போடுங்க."