சரோஜினிதேவி தெரிவுசெய்த பாட்டு

1

இந்தக் கதை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இலையில் இருந்தவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "உங்கட தங்கச்சி தன்ர மகன்ர கதையை ஊர்ப் பிள்ளையளைக் கொண்டு பாடுவிச்சு அனுதாபம் தேட வெளிக்கிட்டவ எல்லோ." நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். எங்கள் வீட்டுப் பெண் சரோஜினிதேவி அனுதாபம் தேடுகிறவள் அல்ல. அதை நிறுவத்தான் எழுதுகிறேன். கதை நன்றாக வருகிறதா என்பது இரண்டாம் விஷயம்.

2

முதல் தொடக்கம்: "வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு பியானோவின் ஓசை..." வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பியானோ இல்லை, ஹார்மோனியம்தான்.

இரண்டாம் தொடக்கம்: "தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், சங்கீத ஆசிரியை சரோஜினிதேவி பெண்பிள்ளைகளின் சேர்ந்திசைக் குழுவுக்குப் பாட்டுத் தேடினாள்." இது இருக்கட்டும்.

ஆண்டு விழாவுக்கு அதிபர் கொடுத்த பொருள் சமூக அநீதி. அதிபர் மனதில் இருந்தது சீதனமாக இருக்கலாம். சரோஜினிதேவியின் கையில் இரண்டு பாட்டுகள் இருந்தன. ஒன்று, கடலுக்கு அப்பால் எங்கோ பஞ்சு வயலில் வேலைசெய்த அடிமைகளைப் பற்றியது. ஆண்குரலுக்கு அமைத்தது. சிறுபெண்களுக்காகச் சுருதியை ஏற்றினால் அதன் பாரமெல்லாம் இறங்கித் தாலாட்டாகிவிடும். மற்றது அவளோடு படிப்பித்த ஒருவர் எழுதியது. தடுப்பு முகாம் வாசலில், பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்துநிற்கும் தாயின் பாட்டு. மூன்று குரலும் பெண்பிள்ளைகளுக்கென்றே அமைத்தவை. பெயரைக் கூப்பிடும் இடம் உச்சத்தில் இருந்தது. ஆண்களின் தொண்டை எட்டாத உயரம்.

இரண்டாவதை அன்றே தெரிவு செய்தாள். அன்று அவளுடைய மகன் சிவபாலன் கொட்டாஞ்சேனையில் ஒரு கந்தோருக்கு ஒழுங்காக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். பக்கத்து இலைக்காரர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

3

மாசியில் ஒரு சோதனைச் சாவடியில் சிவபாலனைப் பஸ்ஸிலிருந்து இறக்கித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். [இங்கே ஒரு பந்தி எழுதி அடித்துவிட்டேன். அவன் என்ன உடுத்திருந்தான் என்பது உங்களுக்குத் தேவையில்லை.]

அவன் கனடா போய்விட்டான் என்று அயலுக்குச் சொன்னோம். அப்படிச் சொல்ல வைத்தவன் நான். பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். பேச்சுப் பரவினால் அவனுக்கு ஆபத்து. அவனுடைய தங்கைக்குச் சம்பந்தமும் வராது. சட்டத்தரணி ஸவாஹிரும் அதையேதான் சொன்னார்: கேஸ் முடியும்வரை டீச்சரின் பெயர் எங்கேயும் அடிபடக்கூடாது.

4

"அவள் மனம் கடல்போலக் கொந்த..." இல்லை. அவள் அப்படிக் கொந்தளிக்கிறவள் அல்ல. ஒருநாள் பஞ்சு வயல் பாட்டைப் பழக்கினாள், மறுநாள் முகாம் வாசல் பாட்டைப் பழக்கினாள்.

வாசல் பாட்டைப் பாடும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்து, கன்னத்தில் கைவைத்து நின்றார்கள். மூன்றாம் குரல் பாடும் றலியாவுக்கு அது பிடிக்கவில்லை.

"டீச்சர், கேட் வாசல்ல நிக்கிற உம்மா இப்பிடியா நிப்பாங்க? இது பல்லுவலி வந்த மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சரோஜினிதேவி யோசிக்காமல் நின்று காட்டினாள். முதுகு நிமிர்ந்திருந்தது. கையில் இல்லாத உடுப்புப் பை நெஞ்சோடு அணைந்திருந்தது. முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலால் கேற்றைப் பார்க்க நாடி உயர்ந்திருந்தது. நிலத்தில் இருக்கக்கூடாது, இருந்தால் பெயர் கேட்காது என்றாள். அழக்கூடாது, அழுகிறவளைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள் என்றாள்.

சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பிள்ளைகள் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்கள். ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து நின்றார்கள்.

(குறிப்பு: வியாழக்கிழமைகளில் அவள் கோயிலுக்குப் போவதாகத்தான் அயல் நம்பிக்கொண்டிருந்தது.)

5

விழாவுக்கு முதல்நாள் அண்ணர் வந்தார். (அந்த அண்ணர் நான்தான். இந்த இடத்தில் என்னைத் தள்ளி நின்று பார்ப்பதே முறை.) பஞ்சு வயலைப் பாடச் சொன்னார். சபையில் ஒருவருக்கும் நோகாத பாட்டை அநீதிப் பாட்டென்று எப்படிப் பாடுவது என்று அவள் கேட்டாள். அண்ணர் ஒருபடி இறங்கி வந்தார். வாசல் பாட்டின் சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாய்மூடி முனகச் செய்யலாமே என்றார்.

"வாயை மூடிக்கொண்டு முனகிறதைத்தானே அண்ணை, வீட்டில செய்யிறம்."

அண்ணர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"தையில இது வேற ஒருத்தியின்ர பிள்ளைக்குப் பாட்டு. நல்ல பாட்டெண்டு நீங்களும் சொன்னனீங்கள். இப்ப என்ர பிள்ளைக்கெண்டோடன பாட்டு மாறிட்டுதோ?"

"அவன் உள்ளுக்கு இருக்கிறான், தங்கச்சி."

"ஓம். எனக்கும் அதுதான் பயம்."

6

முடிவு ஒன்று: பஞ்சு வயலைப் பாடுகிறார்கள். நீங்கள் அவளைக் கோழை என்பீர்கள்.

முடிவு இரண்டு: வாசலைப் பாடுகிறார்கள். உடனே சிவபாலன் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான் என்றால் துணிந்தவள் என்பீர்கள். வரவில்லை என்றால் பிள்ளையைப் பலிகொடுத்தவள் என்பீர்கள்.

மூன்று தீர்ப்பும் பின்னால் நடந்தது தெரிந்தவர்கள் சொல்லும் தீர்ப்பு. அவளுக்கு அது தெரியாது. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணை அளக்க வேண்டுமானால் அவள் நின்ற இடத்தில் நின்று அளந்து பாருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் சேர்ந்திசை என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. இரண்டு பாட்டுக்கும் பிள்ளைகள் ஆயத்தம். உங்கள் மகன் உள்ளே இருக்கிறான். திரை விலகிவிட்டது. பிள்ளைகள் மூச்சை இழுத்துக்கொண்டு உங்கள் கையைப் பார்க்கிறார்கள்.